நன்மை வாங்காத ஆயா

ஆயாவின் அடக்கப் பூசையில் பிரசங்கம் வைத்த சாமியார், "நாள்தோறும் திருப்பலி கண்டு, நாள்தோறும் நற்கருணை ஆண்டவரை உட்கொண்டு வாழ்ந்த அன்னை" என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் முதல் பெஞ்சில் இருந்த அத்தை சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். பின்னால் இருந்த கிழவிகளில் ஒன்றிரண்டு பேர் தொண்டையைச் செருமினார்கள். சாமியாரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. படுக்கையில் விழும்வரை தினமும் காலைப் பூசைக்கு வந்த கிழவி என்று யாராவது சொல்லியிருப்பார்கள், மிச்சத்தை அவரே போட்டு நிரப்பிக்கொண்டார். எங்கள் பக்கம் எந்தக் கிழவி செத்தாலும் இதே பிரசங்கம்தான், பேர் மட்டும் மாறும். ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. திருப்பலி கண்டது நிஜம். நற்கருணை விஷயம் நிஜமில்லை. பூசையில் சாமியார் தருகிற அந்த அப்பத்தைத்தான் எங்கள் பக்கம் நன்மை என்போம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஆயா நன்மை வாங்கி நான் பார்த்ததே இல்லை. கல்யாண வீட்டுக்குத் தினமும் போய், எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, பந்தியில் மட்டும் உட்காராமல் திரும்புவது மாதிரி இருபது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷி இருந்திருக்கிறது.

"பக்தியான பாட்டி" என்று சொன்னதுமே நமக்கு ஒரு படம் வந்துவிடுகிறது. வெள்ளைச் சேலை, தணிந்த குரல், எல்லாரையும் மன்னித்துவிட்ட கண்கள். எங்கள் ஆயாவுக்குச் சேலை மட்டும்தான் வெள்ளை. குரல் சந்து முனை வரைக்கும் கேட்கும். மன்னிப்பு விஷயத்துக்குத்தான் வரப்போகிறேன்.

ஆயா பிறந்தது காசிமேட்டில், கடலுக்குப் போகிற குடும்பத்தில். கட்டிக் கொடுத்தது ராயபுரத்தில், சூரியநாராயண செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில். தாத்தாவுக்குப் பெரம்பூர் பின்னி மில்லில் தறி வேலை. ராயபுரம் இராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு கோயில், என்றால் ஆயாவுக்குத் தனிக் கர்வம். மெட்ராஸுக்குத் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நிற்க, ஆளையும் சரக்கையும் மசூலாப் படகில் அலை தாண்டிக் கொண்டுவந்த படகோட்டிகள் தங்கள் காசில் கட்டி 1829-ல் முடித்த கோயில் அது. "எங்க ஆளுங்க கட்டுனது" என்று சொல்லும்போது ஆயாவே சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்ததுபோல இருக்கும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் நம்ம ராயபுரம் ஸ்டேஷனிலிருந்துதான் கிளம்பியது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். "கோயில் அதுக்கு முன்னயே வந்துச்சு. ரயிலு அதைப் பாத்துட்டுதான் வந்திருக்கும்" என்று முடித்துவிட்டது.

புனிதர்களோடு ஆயாவுக்கு இருந்தது கொடுக்கல் வாங்கல். யார் யாரிடம் என்ன கேட்பது என்பதில் குழப்பமே கிடையாது. அம்மை போட்டால் செபஸ்தியார், நல்ல சாவுக்கு சூசையப்பர், காணாமல் போனதற்கு அந்தோணியார். செவ்வாய்க்கிழமை என்றால் பாரிஸ் கார்னர், அரண்மனைக்காரத் தெரு, அந்தோணியார். திரும்பி வரும்போது பூக்கடையில் கதம்பம் பேரம் பேசி வாங்கி வரும். பிப்ரவரி 11 என்றால் பெரம்பூர் லூர்து மாதா. ஒருமுறை ரேஷன் கார்டு காணாமல் போனது. இரண்டு நாள் கெஞ்சிப் பார்த்தது. மூன்றாம் நாள் மாடத்தில் இருந்த அந்தோணியார் சுரூபத்தைச் சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டது. "குடுக்குற வரைக்கும் அப்படியே இரு. புள்ளையக் கையில வெச்சிக்கினு நிக்கிறியே, புள்ளைங்க அரிசிக்கு இன்னா பண்ணும்னு தெரியாது?" அடுத்த நாள் அரிசி டிரம்முக்கு அடியில் கார்டு கிடைத்தது. அந்தோணியாரைத் திருப்பி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாம் இல்ல" என்றது.

ரோமாபுரி சொல்வதையும் ஆயா அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. 1986-ல் போப் ஜான் பால் மெட்ராஸ் வந்தபோது கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு வெறுங்காலோடு நடந்து வந்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். ஆனால் அதே போப் 2002-ல் ஜெபமாலையில் புதிதாக ஐந்து மறையுண்மைகளை (ஆயா பாஷையில் தேவ ரகசியம், மணி உருட்டும்போது தியானிக்கிற சம்பவங்கள்) சேர்த்து வியாழக்கிழமைக்கு ஒதுக்கினார் என்று கோயிலில் அறிவித்தபோது, ஆயா தலையை ஆட்டி மறுத்துவிட்டது. "சந்தோஷம், துக்கம், மகிமை. நூத்தம்பது அருள் நிறைந்த. அது போதாதா? பாவம், அவருக்கும் வயசாயிடுச்சு." கடைசி வரைக்கும் எங்கள் வீட்டு வியாழக்கிழமையில் பழைய சந்தோஷ தேவ ரகசியம்தான்.

தட்டு பிடித்தவன்

நான் பீடச் சிறுவனாக இருந்தது 90-களின் கடைசியில். காலை ஐந்தரைப் பூசைக்கு ஆயாதான் என்னை எழுப்பி, அடி பம்பில் இரண்டு குடம் அடித்து ஊற்றி, பல்லை விளக்க வைத்து இழுத்துக்கொண்டு போகும். நன்மை நேரத்தில் சாமியார் பக்கத்தில் நின்று, வாங்குகிறவர்களின் மோவாய்க்குக் கீழே பித்தளைத் தட்டைப் பிடிப்பது என் வேலை. அப்பத்தில் ஒரு துணுக்கும் தரையில் விழக்கூடாது. அந்த வேலையில் ஒரு வசதி, தெருவில் இருக்கிற எல்லாருடைய நாக்கும் உங்களுக்குத் தெரிந்துவிடும். வெற்றிலையில் சிவந்த நாக்கு, சுருட்டில் கறுத்த நாக்கு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நாக்கின் நுனியை மட்டும் நீட்டுகிற கல்யாணமாகாத அக்காக்கள். ஆயாவின் நாக்கை மட்டும் நான் பார்த்ததில்லை. பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்ச், சூசையப்பர் சுரூபத்துக்கு நேராக அதன் இடம். பெஞ்சே எழுந்து வரிசைக்கு வரும்போது ஆயா முட்டியைப் பக்கவாட்டில் ஒதுக்கி எல்லாருக்கும் வழி விடும். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் நிற்கும். கடைசி ஆள் திரும்பி வரும்வரை அப்படியே.

முதலில், கிழவிகளுக்கு அது வேண்டியதில்லை போல என்று நினைத்தேன். ஆனால் மற்ற கிழவிகள் முண்டியடித்து வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம், யார் யார் நன்மை வாங்கக்கூடாது என்று கேட்டேன். "சாவான பாவம் உள்ளவங்க" என்றார். சாவான பாவத்துக்கு உதாரணம் கேட்டதற்கு முதலில் கொலையைச் சொன்னார். நான் கொஞ்ச நாள் ஆயாவின் பக்கத்தில் படுக்கவே பயந்தேன். அரிவாள்மனையில் மீன் ஆய்வதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். வஞ்சிரத்தின் தலையை ஆயா ஒரே இழுப்பில் எடுக்கும்.

அதைவிடப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஆயா ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாது. நன்மை வாங்குவதற்கு முன்னால் நள்ளிரவிலிருந்து விரதம் என்பது ஆயா சிறுமியாக இருந்தபோது படித்த பாடம். அதை 1957-ல் மூன்று மணி நேரமாகவும் 1964-ல் ஒரு மணி நேரமாகவும் குறைத்துவிட்டார்கள். ஆயா குறைத்துக்கொள்ளவில்லை. வெய்யில் காலத்தில், கரண்ட் போன ராத்திரியில், தொண்டை வறண்டு இருமும். தண்ணீர் எடுத்து நீட்டினால் கையைத் தட்டிவிடும். வாங்கப்போவது இல்லையே, பிறகு எதற்கு இந்த விரதம் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். ஆயா உடனே பதில் சொல்லவில்லை. கோயில் வாசல் டீக்கடையில் எனக்குப் பொறை வாங்கிக் கொடுத்துவிட்டு, கிளாஸை இரண்டு கையாலும் பிடித்து ஊதிக்கொண்டே சொன்னது: "இன்னிக்கு மனசு வந்துட்டா? வயித்துல காபித் தண்ணியோட போயி நிக்க முடியுமா?"

நாற்பதாயிரம்

கதையை எனக்குச் சொன்னது அத்தை. அதுவும் நான் காலேஜ் முடித்த பிறகுதான். தாத்தா 1992-ல் ரிட்டயர் ஆனார். (நாலு வருஷத்தில், 1996-ல், மில்லே மூடிவிட்டது. இன்றைக்கு அந்த இடம் என்றால் பாதிப் பேருக்குச் சினிமா சண்டைக் காட்சிதான் ஞாபகம் வரும்.) பி.எஃப். பணம் வந்தது. அத்தைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஆயாவின் தம்பி, எங்களுக்குச் சின்னத் தாத்தா, காசிமேட்டிலிருந்து வந்து, படகுக்கு இன்ஜின் மாற்ற வேண்டும், ஐப்பசி முடிவதற்குள் திருப்பிவிடுகிறேன் என்று 40,000 ரூபாய் கேட்டார். எழுத்து எதுவும் கிடையாது. கூடப்பிறந்தவனிடம் யார் பத்திரம் எழுதுவார்கள்? ஐப்பசி போனது, தை போனது. வரன் வீட்டார் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு இடம் போனார்கள். தாத்தா போய்க் கேட்டபோது சின்னத் தாத்தா, "எந்தப் பணம் மாமா?" என்றார்.

ஆயா தம்பியைக் கையோடு அழைத்துக்கொண்டு ஒரு செவ்வாய்க்கிழமை அரண்மனைக்காரத் தெருவுக்குப் போனது. கூட்டத்துக்கு நடுவில் அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தி, "வாங்கலன்னு இவர் மேல கைய வெச்சிச் சொல்லு" என்றது. சொல்ல மாட்டான், அங்கேயே அழுதுவிடுவான் என்று ஆயா நம்பியிருக்கிறது. அவர் கையை வைத்துச் சொல்லிவிட்டார். அத்தை அப்போது கூட இருந்தார். ஆயா ஒரு வார்த்தை பேசாமல் மெழுகுவர்த்தியை ஏற்றாமலே கீழே வைத்துவிட்டு வெளியே வந்து, பஸ் ஏறி, வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்ததாம். அடுத்த நாள் காலைப் பூசையில்தான் முதல் தடவையாக நன்மைக்கு எழுந்து போகவில்லை. தாத்தா 1995-ல் இறந்தார். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை.

சாமியார்கள் சும்மா இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஒருவர் மாறி ஒருவர் முயன்று பார்த்தார்கள். பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயா போகும், பாஸ்கு (ஈஸ்டர்) காலத்தில் தவறாமல் போகும். ஆனால் தம்பி விஷயம் வந்ததும் நின்றுவிடும். "மனஸ்தாபமே இல்லாம மனஸ்தாப மந்திரம் சொன்னா அது களவு சாமி" என்று ஒருவரிடம் சொன்னதை ஆயாவே எங்களிடம் சொல்லியிருக்கிறது. (மனஸ்தாபம் என்றால் இங்கே செய்த பாவத்துக்கு மனம் வருந்துவது.) இன்னொருவர் இராயப்பரை இழுத்தார். மூன்று முறை மறுதலித்தவரையே ஆண்டவர் மன்னித்துத் திருச்சபையைக் கையில் கொடுத்தாரே, உங்கள் தம்பி ஒரு தடவைதானே இல்லை என்றார்? இராயப்பர் விஷயத்தில் ஆயாவிடம் வாய் கொடுக்கலாமா? "இராயப்பரு கோழி கூவினதும் வெளிய போயி தேம்பித் தேம்பி அழுதாரு சாமி. எந்தம்பி வெளிய போயி டீ குடிச்சான்."

இதை எழுதும்போது ஆயாவின் பக்கமே சாய்ந்துவிடுகிறேன் என்று தெரிகிறது. நைனாவிடம், என் அப்பாவிடம், கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: வீம்பு. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த வீம்புக்கு நாங்களும் விலை கொடுத்திருக்கிறோம். காசிமேட்டில் எங்களுக்கு ஐந்து மாமாக்களும் சித்திகளும் இருந்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் போவோம், அந்த வீட்டைத் தவிர. என் வயதுப் பையன் ஒருவன், சின்னத் தாத்தாவின் பேரன், ஒரே பள்ளியில் இரண்டு வகுப்பு தள்ளிப் படித்தான். பத்தாம் வகுப்புவரை நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அத்தைக்கு அதற்குப் பிறகு வந்த இரண்டு வரன்களை ஆயா இன்னும் கொஞ்சம் அக்கறையோடு பார்த்திருந்தால் முடிந்திருக்கும் என்று அம்மா சொல்வார். கோபம் ஒரு வீட்டில் குடியேறினால் அதற்கும் சேர்த்துத்தான் சோறு வடிக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் வீம்பு என்று முடித்துவிடவும் முடியவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலைப் பூசை முடிந்து வெளியே வந்தவர்கள் எல்லாம் ஒரு திக்காக ஓடுகிறார்கள். கடல் உள்ளே வந்துவிட்டது என்று கத்துகிறார்கள். அந்த ஓட்டத்துக்கு எதிராக ஆயா காசிமேட்டுப் பக்கம் நடந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏ ஆயா, இந்தப் பக்கம்" என்று இழுத்தவர்களைத் தள்ளிவிட்டுக்கொண்டு. நைனா பின்னால் ஓடிப் பிடித்தபோது ஆயா தம்பி வீட்டுத் தெருமுனையில் ஒரு லாரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தது. தூரத்தில் சின்னத் தாத்தா இடுப்பளவு நனைந்த லுங்கியோடு பேரப்பிள்ளைகளை மேடான பக்கம் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆயா ஒவ்வொரு தலையாக எண்ணியது. சரியாக இருந்ததும் திரும்பி நடந்தது. அவர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

காசிமேட்டில் ஒரு வெள்ளிக்கிழமை

சின்னத் தாத்தா 2008-ல் இறந்தார். ஆயா போகுமா போகாதா என்று வீட்டில் யாருக்கும் கேட்கத் தைரியமில்லை. அதுவே வெள்ளைச் சேலையை எடுத்து உதறியது. துக்க வீட்டில் ஷாமியானா போட்டு, ஐஸ் பெட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். ஆயா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒப்பாரி வைக்கும், அல்லது சண்டை பிடிக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். கானா பாட வந்திருந்த பையன்கள்கூட எழுந்து நின்றார்கள். ஆயா பெட்டிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தது. "ஜெபமாலைய இந்தக் கையில ஏன் சுத்துனீங்க? சிலுவை நெஞ்சு மேல இல்ல இருக்கணும்" என்றது. மூடியைத் திறக்கச் சொல்லித் தன் கையாலேயே அவிழ்த்து, விரல்களைப் பிரித்து, சரியாகச் சுற்றிவிட்டது. பிறகு பாயில் உட்கார்ந்து, தன்னுடைய மரமணி ஜெபமாலையை எடுத்து, வெள்ளிக்கிழமை என்பதால் துக்க தேவ ரகசியத்தை ஆரம்பித்தது.

ஜெபமாலை முன்னால் சொல்வது எப்போதும் ஆயாதான். எங்கள் வீட்டில் மட்டுமில்லை, எந்தத் துக்க வீட்டில், எந்த வணக்கமாதக் கூட்டத்தில் இருந்தாலும் ஆயாவே ஆரம்பிக்கும், யாருக்கும் விட்டுக்கொடுக்காது. கொஞ்சம் அதிகாரம் பண்ணுகிற குணம் என்று எல்லாரும் சிரித்துக்கொள்வோம். அன்று மூன்றாவது பத்துமணி (ஜெபமாலையில் பத்து மணி கொண்ட ஒரு பகுதி) முடியும்போது ஆயாவின் குரல் கம்மிப் போனது. ராத்திரியிலிருந்து தண்ணீர் இல்லாத தொண்டை. அத்தை பக்கத்தில் இருந்தவர், தானாக நாலாவது பத்துமணியை எடுத்துக்கொண்டார். "உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவது போல மண்ணுலகிலும் நிறைவேறுக." கூட்டம் மறுபாதியைச் சொன்னது. ஆயாவுக்கு நேர் எதிரில் நான். "எங்கள் அன்றாட உணவை இன்று எங்களுக்குத் தாரும்" வரைக்கும் ஆயாவின் உதடு அசைந்தது. "எங்களுக்கு எதிராகக் குற்றம் செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்று கூட்டம் போனபோது உதடு மூடிக்கொண்டது. அந்த வரி தாண்டியதும் "எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்" என்று மறுபடி சேர்ந்துகொண்டது. ஐந்தாவது பத்துமணியிலும் அதே இடத்தில் நின்று, அதே இடத்தில் சேர்ந்தது.

முன்னால் சொல்கிறவர் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வார். மன்னிக்கிற வரி மறுபாதியில் வருகிறது. அது கூட்டத்தின் பங்கு. ஜெபமாலைக்கு ஜெபமாலை இந்தப் பரலோக மந்திரம் ஆறு, ஆறு தடவை அந்த வரியிலிருந்து தப்பிக்கத்தான் ஆயா இத்தனை வருஷமாக முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அத்தையிடம் பிறகு கேட்டேன், தாத்தா இருந்தபோது யார் முன்னால் சொல்வார்கள் என்று. யோசித்துவிட்டு, "எங்க நைனாதான். அம்மா பின்னால சொல்லும். அந்த செவ்வாக்கெழமைக்கு அப்புறந்தான் அம்மா புடுங்கிக்கினுச்சு" என்றார். அத்தைக்கும் அது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

அடக்கம் முடிந்து ஷேர் ஆட்டோவில் வந்தோம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசை அசையாமல் நின்றதால் ரொம்ப நேரம் ஆனது. இஞ்சின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது என்ற தைரியத்தில், "மன்னிச்சிட்டியா ஆயா?" என்றேன்.

"இன்னாடா கேக்குற?"

"அவருக்காக ஜெபமாலை சொன்னியே."

"அவன் ஆத்துமா எளைப்பாறணும்னு கேட்டேன். கூடப்பொறந்தவ, நான் கேக்காம வேற யாரு கேப்பா? மன்னிச்சேன்னு நான் சொன்னனா?" முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டது, லாரிப் புகை. "சாமி முன்னால பொய் சொன்னான்னுதான அவன் மேல கோவம். நானும் அங்கயே போயி ஒரு பொய்யச் சொல்லச் சொல்றியா?"

முப்பதாம் நாள் பூசை முடிந்து சின்னத் தாத்தாவின் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா கடைசியில் சொன்னார் என்று சொல்லி 40,000 ரூபாயை மேசை மேல் வைத்தார். வட்டி பற்றி யாரும் பேசவில்லை. ஆயா எச்சில் தொட்டு எண்ணி, அத்தையிடம் கொடுத்தது. அவருக்குச் சோறு போட்டது, நெத்திலி வறுத்தது. மறுநாள் காலைப் பூசையில் எல்லாருக்கும் முட்டியை ஒதுக்கி வழி விட்டுவிட்டு முழங்காலில் நின்றது. நைனாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பணமும் வந்தாச்சு, இன்னும் என்ன? "பணம் அவன் புள்ள குடுத்தது. கைய வெச்சவன் வந்து கைய எடுக்கலியே" என்றது ஆயா.

ஒவ்வொரு வருஷமும் தம்பியின் நினைவு நாளுக்கு ஆயா பூசை வைத்தது. பங்கு ஆபீசில் சீட்டு எழுத நான்தான் கூடப் போவேன், ஆயாவுக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது. என்ன கருத்துக்கு என்ற கட்டத்தில் "ஆன்ம இளைப்பாற்றிக்காக" என்று எழுதி, தம்பியின் முழுப்பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்க வைக்கும். இடுப்பில் செருகிய சுருக்குப்பையிலிருந்து சில்லறையாக எடுத்துக் கொடுக்கும். செத்த ஆன்மா பாவம் கழியக் காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்திலிருந்து அவரை வெளியே எடுக்க வேண்டியது அக்காவின் கடமை. மன்னிப்பது வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஆயா கலக்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் அது பிடிபட்டும் பிடிபடாமலும் இருக்கிறது. நான் கோயிலுக்குப் போவது குறைந்துபோய் வருஷங்கள் ஆகின்றன. போகிற நாளில், எல்லாரும் எழுகிறார்களே என்று எழுந்து வரிசையில் நின்று வாங்கிவிட்டுத்தான் வருகிறேன். ஆயா பார்த்திருந்தால் மண்டையில் குட்டியிருக்கும்.

கடைசி இரண்டு வருஷம் ஆயா படுக்கையில் கிடந்தது. இடுப்பு எலும்பு முறிந்து, சர்க்கரையும் ஏறி, கோயில் நின்றுபோனது. மாதத்தின் முதல் வெள்ளி சாமியார் நோயாளிகளுக்கு வீட்டுக்கு வீடு நன்மை எடுத்து வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். ஆயா அவருக்கு நாற்காலி போடச் சொல்லும், வீட்டை மந்திரிக்கச் சொல்லும், தீர்த்தத்தை அத்தையின் தலையில் கூடக் கொஞ்சம் தெளிக்கச் சொல்லும். அவர் சின்னப் பெட்டியைத் திறக்கப் போனால் "அடுத்த மாசம் பாக்கலாம் சாமி" என்று கையைக் காட்டிவிடும். ஆனால் ஒவ்வொரு முதல் வெள்ளிக்கும் முந்தின ராத்திரியோடு சாப்பாடு நின்றுவிடும். சுகர் மாத்திரை போடுகிற உடம்பு, வெறும் வயிற்றோடு சாமியார் வந்துபோகும்வரை காத்திருக்கும். அத்தை தலையில் அடித்துக்கொள்வார்.

ஒரு முதல் வெள்ளியன்று ஆயா வாங்கிவிட்டது. நான் அப்போது பெங்களூரில் வேலையில் இருந்தேன். ராத்திரி அத்தை போன் பண்ணி, கேஸ் வந்தது, மோட்டார் ரிப்பேர் என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அப்புறம், இன்னிக்கு அம்மா நன்மை வாங்கிச்சு" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்காக அத்தையை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்களாம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது அந்தச் சாமியாருக்குத்தான் தெரியும், அவர் சொல்லக்கூடாது, சொல்லவும் மாட்டார். அத்தை, கடைசியில் மன்னித்துவிட்டது என்று நம்புகிறார். நைனா, வயசாகி மறந்துவிட்டது என்கிறார். மறதி என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதே வாரம் ஆயா ரேஷன் கடைக்காரர் என்றைக்கோ அரைக் கிலோ குறைத்துப் போட்ட சர்க்கரையை ஞாபகப்படுத்தித் திட்டியிருக்கிறது. மன்னித்துவிட்டது என்பதையும் முழுசாக நம்ப முடியவில்லை. மன்னிக்க முடியவில்லையே என்று ஆயா மனஸ்தாபப்பட்டிருக்கலாம். அது பொய் இல்லை, அதற்கு மந்திரமும் சொல்லலாம். என் கணிப்பு அதுதான்.

போனில் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். முகம் எப்படி இருந்தது, அழுததா, உன்னிடம் ஏதாவது சொன்னதா என்று.

"ஒண்ணும் சொல்லலடா."

"சாமியார் போனப்புறம் இன்னா பண்ணுச்சு?"

"இன்னா பண்ணும்? காபி கேட்டுச்சு. போட்டுக் குடுத்தேன். சக்கரை பத்தலன்னு அந்தக் கத்து கத்துச்சு. சுகர்காரிக்கு எவ்ளோடா போடுறது, நீயே சொல்லு."